ஆமி பனி அள்ள வந்த கிழமை

என் வயதுக்காரரே, தலைமயிருக்கு மை பூசிவிட்டு இன்னும் இளசு என்று சொல்லித் திரிகிறவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்லவேண்டும். இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்காது. என் மகளின் பள்ளிக்கூடம் பனிக்குப் பூட்டினால் என் போன் ஒரு சத்தம் போடும், அவள் ஒரு துள்ளுத் துள்ளுவாள், நான் லப்டொப்பைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருவேன். அத்தோடு அலுவல் முடிந்தது. எங்கள் காலத்தில் அது விடியப்புறம் ரேடியோவுக்கு முன்னால் குந்தியிருந்து கேட்கிற தீர்ப்பு.

நாங்கள் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினோராம் மாடியில் இருந்தோம். அம்மா, நான், தம்பி. அப்பா கொழும்பில். எங்கள் ரேடியோவை யாரோ குப்பை அறை வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஏரியல் முறிந்திருந்தது. அம்மா அந்த இடத்தில் உடுப்புக் கொழுவுகிற கம்பி ஒன்றைச் செருகி, நுனியில் ஈயத்தாள் சுற்றி, யன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். பனி கூடக் கொட்டினால் அதற்கும் தடிமன் பிடித்துவிடும், கரகரவென்றுதான் பேசும். அதற்குள்ளிருந்து எங்கள் பள்ளிக்கூடத்தின் செய்தியைப் பிடுங்கி எடுத்து அம்மாவுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. எனக்குப் பத்து வயது.

“என்ன சொல்லுறாங்கள்? பூட்டோ, இல்லையோ?”

“பஸ் ஓடாதாம் அம்மா.”

“பஸ் எங்களுக்கென்னத்துக்கு? கடவுள் கால் தந்திருக்கிறார்தானே. பள்ளிக்கூடம் இருக்கோ எண்டு கேள்.”

ரேடியோவிடம் எப்படிக் கேட்பது? ஆனால் அம்மாவின் அவதி அப்படி. அவர் வேலை செய்தது ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடிக்கிற ஒரு லோன்றியில். தம்பிக்கு மேலெல்லாம் கொப்புளிப்பான் போட்டபோது லீவில் நின்றதற்கு, இனி ஒருநாள் நின்றாலும் வரவே தேவையில்லை என்று மேற்பார்வை செய்கிற பெண் சொல்லியிருந்தாள். வேலை போனால் அம்மா அரசாங்கம் தருகிற வெல்பேர் காசுக்குப் போகவேண்டும். வெல்பேரில் இருக்கிறவர் புருசனை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டால் அலுவல் வருசக்கணக்கில் இழுபடும் என்று கட்டிடத்தில் எல்லாரும் சொன்னார்கள். உண்மையோ பொய்யோ, அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். எங்களைத் தனியே விட்டுவிட்டும் போகமுடியாது. இந்த நாட்டில் பிள்ளைகளைத் தனியே விட்டால் அரசாங்கம் பிடித்துக்கொண்டு போய்விடும் என்பதும் அதே கட்டிடத்துக் கதைதான். ஆகவே பள்ளிக்கூடம் திறந்தால் அப்பா வருவார், பூட்டினால் வரமாட்டார். கணக்கு அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தைப் பூட்டுகிறவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. எங்கோ ஒரு பெரிய கந்தோரில் ஒருவர் விடிய எழும்பி யன்னலால் எட்டிப் பார்த்து முடிவெடுக்கிறார் என்று அம்மா நம்பினார். ஏதோ ஒன்றுவிட்ட மைத்துனனைப் பற்றிப் பேசுவதுபோல அவரைத் திட்டுவார். “அந்தாளுக்கென்ன, பெண்சாதி வீட்டில இருப்பாள், பிள்ளையளைப் பாப்பாள். எங்கட சீவியம் அந்தாளுக்கு எங்க தெரியப்போகுது!” பனி கொட்டாத இரவுகளில் மட்டும் அந்தாள் நல்ல மனுசன்.

தம்பியும் நானும் மறுபக்கம். இரவு உடுப்பைப் புறம்மாறிப் போட்டுக்கொண்டு படுத்தால் மறுநாள் பள்ளிக்கூடம் பூட்டும் என்று என் வகுப்புப் பெட்டை ஒருத்தி சொல்லித் தந்திருந்தாள். தலையணைக்குக் கீழே ஒரு கரண்டியும் வைக்கவேண்டுமாம். தையல் வெளியே தெரிய, நாங்கள் இரண்டு பேரும் போர்வைக்குள் பதுங்கியபடி பிள்ளையாரை மன்றாடுவோம். அதே பிள்ளையாருக்கு அம்மா குசினி மூலையில் கற்பூரம் கொளுத்தி, நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கவேண்டும் அப்பனே என்று கும்பிடுவார். பாவம் பிள்ளையார்! ஒருநாள் அம்மா எங்கள் போர்வையை இழுத்துவிட வந்து தையலைக் கண்டுவிட்டார். விசயத்தைக் கேட்டதும் தம்பியை நித்திரையோடு நித்திரையாக எழுப்பி, உடுப்பைக் கழற்றி நேராகப் போட்டுவிட்டார். “கொப்பர் வாறது பிடிக்கேல்லையோ உங்களுக்கு?” என்று கேட்டார். தம்பிக்கு அது விளங்கவில்லை. அப்பா என்பது அவனுக்கு டெலிபோனில் வருகிற ஒரு குரல். எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு நான் கரண்டியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பிறகு வந்தது அந்தக் கிழமை. உங்களில் எவருக்கும் அதை நான் நினைவூட்டத் தேவையில்லை. பனி விட்டுவிட்டுக் கொட்டி, கார்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புற்றுகளாகி, தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீட்கார் பாதி வழியில் நின்று, கடைசியில் மேயர் ராணுவத்தை, ஆமியையே கூப்பிட்டாரே, அந்தக் கிழமை. மற்ற ஊர்க்காரர் இன்றைக்கும் ரொறன்ரோக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பனி அள்ள ஆமியா என்று.

முதல்நாள் ரேடியோ நேராகவே சொல்லிவிட்டது. எல்லாப் பள்ளிக்கூடங்களும் பூட்டு. தம்பி கட்டிலில் குதித்தான். அம்மா கோட்டைப் போட்டபடி நடு வீட்டில் நின்றார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் நான் தம்பியைக் கட்டிலிலிருந்து இழுத்து இறக்கினேன். வழமையாக எங்களைப் பார்க்கிற கீழ் மாடி அன்ரி மொன்றியலுக்குக் கலியாணத்துக்குப் போய்ப் பனியில் மாட்டுப்பட்டிருந்தார். மிச்சம் இருந்தது எங்கள் கொரிடோர் முடிவில் இருந்த பெடியள் வீடு.

அங்கே நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து இருந்தார்கள். வேலைக்குப் போவார்கள், வருவார்கள், மாறிமாறிப் படுப்பார்கள். அம்மாவுக்கு அந்தக் கதவைக் கண்டாலே பிடிக்காது. குடியோ, சிகரெட்டோ, ஆருக்குத் தெரியும் என்பார். ஆனால் அவர்களில் ஒருவர் எங்களைக் கண்டால் சிரிப்பார். ரெஸ்ரோரன்ற் குசினியில் இரவு வேலை. நாங்கள் குசினி அண்ணை என்போம். லிப்டில் அவர் நின்றுவிட்டுப் போனால் வெங்காயமும் எண்ணெயும் கலந்த மணம் அடுத்த மாடி வரைக்கும் வரும். அன்றைக்கு அவர்தான் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தார்.

“ஓம் அக்கா, விட்டிட்டுப் போங்கோ. மற்றவங்கள் வேலைக்குப் போட்டாங்கள். நான் நித்திரைதானே கொள்ளப்போறன். அவை ரீவி பாக்கட்டும்.”

அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். போத்தல் ஒன்றும் இல்லை. நிலத்தில் மெத்தைகள், யன்னலுக்குத் திரையாக ஒரு பூப்போட்ட பெட்சீற், சுவரில் ஒரு மாதா படமும் அதற்குப் பக்கத்தில் முருகன் படமும். முருகனைக் கண்டதும் அம்மாவின் நெஞ்சு பாதி இளகியது. எங்களைத் தள்ளிவிட்டு ஓடினார்.

அந்த முதல் இரண்டு நாட்களைப்போல ஒரு சந்தோசத்தை நான் பிறகு எங்கும் காணவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அண்ணை ரெஸ்ரோரன்றிலிருந்து கொண்டுவந்த சின்னச் சின்ன ஜாம் டப்பிகளை ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். ஸ்ரோபெரி, தோடம்பழம், பிறகு ஊதா நிறத்தில் ஒன்று. மேல் தாளை உரிக்கும்போது ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். அவர் சுடச்சுட ரொட்டி சுட்டுத் தர, ஒரு ரொட்டிக்கு ஒரு டப்பி என்று நாங்கள் தின்றோம். பிறகு சீட்டுக்கட்டை எடுத்துக் கழுதை விளையாடினோம். தோற்றவர் கழுதைபோலக் கத்தவேண்டும். அண்ணை ஒவ்வொரு முறையும் தோற்றார். அந்த வயதில் நாங்கள் கெட்டிக்காரர் என்றே நினைத்துக்கொண்டோம். அவர் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டு யமேக்கா நாட்டு அம்மா சுவரில் தட்டுவார். பிறகு அவர் ஒரு மெத்தையில் குப்புற விழுந்து, ரீவி சத்தத்துக்குள்ளேயே நித்திரையாகிவிடுவார்.

அம்மா வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது கோட்டில் சுடுதுணி மணம் இருக்கும். வேலை தப்பியது என்கிற நிம்மதியில், “நல்ல பெடியன்தான்” என்று ஒருமுறை சொன்னார்கூட.

மூன்றாம் நாளும் பள்ளிக்கூடம் பூட்டு. அண்ணை நித்திரை. தம்பி பெட்சீற்றை விலக்கி யன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். திடீரென்று அவன் குதித்தான்.

“அக்கா, ஆமி! ஆமி வந்திருக்கு!”

நானும் ஓடிப்போய்ப் பார்த்தேன். கீழே ஒரு பச்சை வாகனம். பச்சை உடுப்போடு ஆட்கள். மூன்று வயதில் இங்கே வந்த தம்பிக்கு ஆமி என்றால் கார்ட்டூன். எனக்கு ஊரில் சுற்றிவளைக்க வந்த ஆமி நினைவு; பெட்சீற்றுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆனால் உற்றுப் பார்த்தேன்; அவர்கள் கையில் இருந்தது சவள். பஸ் தரிப்பிடத்தை மூடியிருந்த பனியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மற்றவன் முதுகில் பனியுருண்டையால் எறிந்துவிட்டுச் சிரித்தான்.

ஆமி என்ற அந்தச் சொல் அண்ணையை எழுப்பிவிட்டது. அவர் எழும்பியதை நான் பார்த்தேன். கண் முழித்துப் பிறகு எழும்புகிற மாதிரி இல்லை. உடம்பு முதலில் எழும்பியது. யன்னலுக்குப் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டி நின்று ஒரு கண்ணால் கீழே பார்த்தார். பெட்சீற்றை இழுத்து மூடினார். ரீவியை நிற்பாட்டினார். எங்கள் இரண்டு பேரையும் தூக்காத குறையாகப் பாத்ரூமுக்குள் கொண்டுபோய், பாத்டப்புக்குள் போர்வையை விரித்து, “இதுக்குள்ள குந்துங்கோ. சத்தம் போடக்கூடாது” என்றார். லைற்றை அணைத்தார். கதவைச் சாத்திவிட்டு வெளியே மெத்தை ஒன்றை இழுத்து நிமிர்த்துகிற சத்தம் கேட்டது.

“அண்ணை, அவங்கள் ஸ்நோ அள்ளுறாங்கள்” என்றேன்.

“உங்களுக்குத் தெரியாது பிள்ளை. முதல் பள்ளிக்கூடத்தைப் பூட்டுவாங்கள். பிறகுதான் வருவாங்கள்.”

தம்பி இதையும் ஒரு விளையாட்டு என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். குழாயில் நீர் சொட்டியது. அண்ணை கதவுக்கு வெளியே, மெத்தைக்குச் சாய்ந்துகொண்டு குந்தியிருந்தார் என்பது அவருடைய மூச்சில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கதவின் கீழ் இடைவெளியால் வருகிறமாதிரி மிகவும் மெல்லச் சொன்னார்.

“பிள்ளையள், ஆரும் வந்து கேட்டா, இந்த ஆளை எங்களுக்குத் தெரியாது எண்டு சொல்லவேணும். விளங்கிச்சோ? பேர் தெரியாது, கண்டதும் இல்லை எண்டு சொல்லவேணும். அப்பத்தான் உங்களை விடுவாங்கள்.”

“ஓம் அண்ணை” என்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாசற் கதவை யாரோ உடைக்கிறமாதிரி அடித்தார்கள். அண்ணை திறக்கப் போனார். பிறகு அம்மாவின் குரல். “பிள்ளையள் எங்கை? என்ர பிள்ளையள் எங்கை?” அம்மா ஏன் மத்தியானத்திலேயே வந்துவிட்டார் என்று யோசிக்கக்கூட நேரமில்லை. மெத்தை சரிய, கதவு திறக்க, வெளிச்சத்தில் அம்மா நின்றார். தலையில் தொப்பி இல்லை, முழங்கால்வரை பனி, முகம் சுண்ணாம்பு. அவருக்குப் பின்னால் அண்ணை இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி நின்றார். ஒரு கையில் அவருடைய அடையாள அட்டை.

இருட்டுப் பாத்ரூமுக்குள் தன் பிள்ளைகளைக் கண்ட ஒரு தாய் என்ன நினைப்பாரோ அதை அம்மா நினைத்தார். “விசரா! என்னடா செய்தனி என்ர பிள்ளையளை?” என்று அவர் போட்ட சத்தத்தில் கொரிடோர் முழுக்கக் கதவுகள் திறந்தன. நான் சொல்லப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? அதற்குள் கட்டிடத்தைப் பராமரிக்கிற சுப்ரின்டன் வந்துவிட்டார். பெரிய சாவிக்கொத்தோடு நடக்கிற மனுசன். அம்மாவைப் பார்த்து, அண்ணையைக் காட்டி, இந்த ஆளை உனக்குத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அம்மாவின் ஆங்கிலம் கொஞ்சம்தான். அந்தக் கேள்வி அவருக்கு நன்றாக விளங்கியது. தெரியும் என்று சொன்னால், பிள்ளைகளை இப்படிப்பட்டவனிடம் விட்டது யார் என்ற கேள்வி வரும். பிறகு அரசாங்கம் வரும்.

“நோ,” என்றார் அம்மா. “ஐ டோன்ற் நோ ஹிம்.”

அண்ணை கையைக் கீழே போட்டார். எங்களைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். மெல்லத் தலையாட்டினார். சரியாகச் சொன்னீர்கள் என்று மெச்சுகிறமாதிரி ஒரு தலையாட்டல். அம்மா அதைப் பார்க்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவின் வேலை போய்விட்டது. அப்பாவுடன் டெலிபோனில் அழுதழுது சொன்னார். “அந்த விசரனாலதான். பிள்ளையளை விட ஆள் இல்லாமல் அடுத்த நாள் போகேலாமல் போச்சு.” அன்றைக்கு வேலையை ஸ்நோவால் நேரத்தோடு வெள்ளென விட்டுவிட்டார்கள், வந்து பார்த்தால் இந்தக் கோலம் என்று கட்டிடம் முழுக்கச் சொன்னார். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். பெடியள் வீட்டில் அளவுக்கு மிஞ்சி ஆட்கள் இருக்கிறார்கள் என்று சுப்ரின்டன் வந்து வந்து கதவைத் தட்டத் தொடங்கினார். வீட்டுக் குத்தகைப் பத்திரத்தில் பெயர் இல்லாத குசினி அண்ணைதான் வெளிக்கிட வேண்டியிருந்தது. அவர் போன நாளில் எங்கள் கதவுப் பிடியில் ஒரு பிளாஸ்ரிக் பை தொங்கியது. உள்ளே ஜாம் டப்பிகள். அம்மா அவற்றைப் பையோடு குப்பைக் குழாய்க்குள் போட்டார். அவை பதினொரு மாடியும் இடிபட்டு விழுகிற சத்தத்தைக் கேட்டுத் தம்பி கத்தி அழுதான்.

அப்பா வந்தார். ஆனால் அம்மா வேறு வேலை தேடி, அலுவல் இழுபட்டு, வர வேண்டிய காலத்துக்கு எவ்வளவோ பிந்தித்தான் வந்தார். விமான நிலையத்தில் தம்பி அவருக்குக் கை கொடுத்து, “ஹலோ அங்கிள்” என்றான். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்பா இருக்கும்வரைக்கும் அந்தக் கதைக்கு அவர் சிரித்ததே இல்லை.

போன மாரியில் ஒருநாள் என் மகளின் பள்ளிக்கூடம் பூட்டியது. இப்போது ரொறன்ரோவின் கிழக்கே வோபர்னில் இருக்கிறோம், அம்மா எங்களோடு. மகள் இரவு உடுப்பைப் புறம்மாறிப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க ஆடினாள். அவளுக்கும் யாரோ வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா யன்னலோரம் கதிரையில் இருந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

“அண்டைக்கு எங்கட வேலையை வெள்ளென விடேல்லை” என்றார் திடீரென்று.

“எண்டைக்கு அம்மா?”

“ஆமி வந்த அண்டைக்கு.” என்னைப் பார்க்காமலே சொன்னார். “லோன்றி யன்னல் ஆவி பிடிச்சுக் கிடந்தது. கையால துடைச்சனான். துடைச்ச ஓட்டைக்குள்ளால பாத்தா, ரோட்டில அவங்கட ட்ரக். பள்ளிக்கூடமும் பூட்டு, ஆமியும் ரோட்டில. பெட்சீற்றை அப்பிடியே போட்டிட்டு ஓடி வந்திட்டன். ஆரிட்டையும் சொல்லேல்லை, வேலை அதோட போச்சு. தொப்பி எடுக்கேல்லை. ஸ்ரீட்காரும் இல்லை, வழி முழுக்க ஓடினனான். பிள்ளையளைக் கொண்டுபோயிருப்பாங்கள் எண்டுதான் நினைச்சனான்.”

இத்தனை வருசமாக அந்த மனுசன்மேல் போட்டிருந்த பழி! அவர் எங்களை ஒளித்து வைத்ததும், அம்மா பெட்சீற்றைப் போட்டுவிட்டு ஓடியதும் ஒரே பயம்தான். கோபமும் வந்தது, அம்மாவைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும்போல இருந்தது.

“அப்ப ஏன் அவற்ரை தலையில போட்டனீங்கள்?”

“கொப்பரிட்ட என்னெண்டு சொல்லுறது? இங்க பயமில்லை, பயமில்லை எண்டு கடிதத்துக்குக் கடிதம் எழுதினது நான்.” அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். “அந்தப் பெடியன் இப்ப எங்க இருக்குதோ. ஒரு நாளும் விசாரிக்கேல்லை.”

அவரை ஆற்றலாம் என்று நினைத்துத்தான், கதவுக்கு வெளியே இருந்து அண்ணை எங்களுக்குச் சொல்லித் தந்ததை முதல்தடவையாக அம்மாவிடம் சொன்னேன். ஆரும் கேட்டால் தன்னைத் தெரியாது என்று சொல்லச் சொன்னதை. “நீங்கள் சுப்ரின்டனுக்குச் சொன்னதும் அதுதானே அம்மா. அவர் அதைக் கேட்டுத் தலையாட்டினவர். நான் பாத்தனான்.”

மகள் வந்து, ஸ்நோவுக்குள் இறங்கலாமா என்று கேட்டாள். அம்மா அவளை மடியோடு இழுத்து, புறம்மாறிக் கிடந்த சட்டையின் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“தெரியாதெண்டு சொல்லச் சொன்னது உங்களைத்தானே, பிள்ளை” என்றார். “என்னை இல்லையே.”